தண்ணீர் குடித்த இரும்பு

அத்தியாயம் பதினொன்று

காலையிலேயே ஆல்பின் பின்வாசல் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான்.

அதைப் பார்த்த ஜெமிமா, கையிலிருந்த காப்பி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிப்ரவரி மாதத்திலிருந்து அண்ணன் கண்ணாடியே பார்த்ததில்லை. சாத்தூரிலிருந்து ஜாஸ்பின் வீட்டார் வந்து, "பையனுக்குன்னு ஒரு வேலை இருக்கணும்லங்க" என்று மரியாதையாகச் சொல்லி நிச்சயத்தை முறித்துக்கொண்டு, வைத்த காப்பியைத் தொடாமல் போனார்கள். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். சோறு வைத்தால் தின்பான். வைக்காவிட்டால் கேட்கமாட்டான். விருதுநகரில் நர்ஸாக இருக்கிற அம்மா பாக்கியவதி, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், அடுப்படியில் உட்கார்ந்து, "இவனுக்கு என்ன மருந்துடி குடுக்க?" என்று எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள்.

அப்படிக் கிடந்தவனை எழுப்பி நிறுத்தியது அப்பாவின் பழைய டீசல் பிக்கப்.

தேவாசீர்வாதம் அந்த வண்டியில்தான் இருபது வருஷத்துக்கு மேல் எம். புதுப்பட்டி கம்பெனிகளிலிருந்து பட்டாசு லோடு ஏற்றினார். ஆல்பினும் அவரோடு ஓடினான். போன வருஷம், வயசான வண்டிகளை இனி கேட்டுக்குள் விடுவதில்லை என்று எல்லாக் கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள். ஒரே நாளில் அப்பாவுக்கும் மகனுக்கும் வேலை போயிற்று. வண்டி கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் போய் நின்றது. பிப்ரவரியில் மகன் கட்டிலுக்குப் போனான்.

பிறகுதான் அந்த டிராக் ரேஸ் சேதி வந்தது. தெற்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிறது. இரண்டு வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி, நேர் ரோட்டில் நானூறு மீட்டர். பழைய பிக்கப்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. மதுரையில் ரேஸ் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஆல்பினிடம் போனில் பேசினார். "ஜெயிக்கணும்னு இல்ல தம்பி. கோணாம ஓட்டி முடி. திங்கக்கிழமையே நம்ம பட்டறைக்கு வந்துரு."

ரேஸ் நாளைக்கு. ஜாஸ்பினும் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறேன் என்றிருக்கிறாள்.

"என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி பாக்க?" என்றான் ஆல்பின், கன்னத்தில் நுரையோடு.

"ஒண்ணுமில்லண்ணே. காது பக்கத்துல விட்டுட்டீக."

"விட்டா என்ன? ஹெல்மெட் போட்டா தெரியாதுல்ல."

அண்ணன் சிரித்தான். ஜெமிமா அவன் பார்க்காத நேரம் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா பகல் ஷிப்டில் இருந்தாள். பதிலுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கும்பிடுகிற கைகள் மட்டும் வந்தன.

வண்டியைப் பத்திரமாகத் தயார் செய்கிற பொறுப்பு ஜெமிமாவுடையது. யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது. பகலில் சிவகாசி அச்சகத்தில் வேலை, இன்றைக்கு மட்டும் லீவு; மாலையில் விருதுநகரில் ஆட்டோமொபைல் டிப்ளமா வகுப்பு. அந்த வீட்டில் வண்டி பற்றிப் புத்தகம் படித்தவள் அவள் ஒருத்திதான். அதில் ஒரு பாடம் இன்னும் அரியரில் கிடக்கிறது என்பதை அவள் மறப்பதே இல்லை. கேஸை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், அணைத்தோமா என்று திரும்பி வருகிற பெண் அவள். வண்டியிலும் அப்படித்தான். ஒரு பாகத்தைப் பார்த்து முடித்தால் அதன் மேல் சாக்பீஸால் ஒரு டிக் போடுவாள். மறுநாள் வந்து டிக் போட்ட இடத்தையே திரும்பத் தொட்டுப் பார்ப்பாள்.

இந்த மூன்று வாரத்தில் வண்டி முழுக்க வெள்ளை டிக்குகள். பிரேக் குழாய்கள் புதுசு. ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் இழுத்து மூட இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட் உடைந்தால் தரையில் குத்தி வண்டியைப் புரட்டிவிடாமல் இருக்க, அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். டீசல் குழாய் சைலன்சரை விட்டுத் தள்ளிக் கட்டியாயிற்று. டேஷ்போர்டில் கிடந்த பழைய கேசட், சில்லறை டப்பா, வேதாகமம் வரை எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன.

பாதி வேலை ஏற்கெனவே நடந்திருந்ததுதான் வேடிக்கை. பட்டாசு ஏற்றுகிற வண்டி என்பதால் தீயணைப்பான் எப்போதும் இருந்தது. பேட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கிற சிவப்புச் சாவி வெளிப்பக்கமே இருந்தது. ரேஸ்காரர்கள் அனுப்பிய விதிகளைப் படித்துவிட்டு ஆல்பின் சொன்னான்: "நாம பயந்து பயந்து செஞ்சதையெல்லாம் அவன் துட்டு குடுத்துப் படிச்சிட்டு வந்து கேக்கான் பாரேன்."

மிச்சம் ஒரே வேலை. டிரைவர் தலைக்கு மேல் ரோல் கேஜ் என்கிற குழாய்க் கூண்டு. வண்டி புரண்டால் கூரை நசுங்காமல் தாங்குவது அதுதான். முன் கால்கள் போன வாரமே நின்றுவிட்டன. பின் கால்கள் இரண்டும் கேபினைத் தாண்டி லோடு தொட்டிக்குள் இறங்கி, வண்டியின் முதுகெலும்பான சேசிஸ் சட்டத்தில் நிற்க வேண்டும். குழாய் வர நாளாகிவிட்டது. அதை ஒட்டத்தான் இன்று வெல்டர் வருகிறார்.

ராஜபாண்டியன் மூன்று சக்கர வண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, காப்பி குடிச்சீகளா? நாளைக்கு ரேஸ்காரன் அப்பா. இன்னைக்கே ஒரு கூலிங் கிளாஸ் போட்டுக்கிடுங்க."

"ஏலே, மொதல்ல செருப்பைக் கழட்டிட்டுக் கொட்டாய்க்குள்ள வா," என்றார் தேவாசீர்வாதம்.

"பட்டாசு இல்லாத கொட்டாய்க்கும் அதே சட்டமா?"

"கழட்டுலே."

ராஜபாண்டியன் சிரித்துக்கொண்டே கழற்றினார். லோடு வண்டிக்கு மேல் செருப்போடு யாரும் ஏறக்கூடாது. ஏறும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பிலிருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு விட வேண்டும். வண்டி ஓடாமல் நின்றும்கூட தேவாசீர்வாதம் அந்தத் தகட்டைத் தொடாமல் கொட்டகைக்குள் போனதில்லை.

ஜெமிமா பேட்டரியின் சிவப்புச் சாவியைத் திருப்பி உருவினாள். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பில் இருக்கக்கூடாது. எங்காவது வைத்தால் மறந்துபோகும் என்று தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். இழுத்தோமா என்று மறுபடி பார்த்தாள்.

"அப்பா, தொட்டிப் பலகையைக் கழட்டணும். அடியில மருந்து இருந்தா தீப்பொறி பட்டுரும்."

தொட்டியின் தரை முழுக்க மரப்பலகை. இரும்பும் இரும்பும் உரசக்கூடாது என்று கம்பெனியில் அப்படித்தான் அடிக்கச் சொல்வார்கள். ஆணிகூடப் பித்தளை. அந்தப் பலகைகளை இதுவரை யாரும் கழற்றியதில்லை.

"இருந்தாலும் நனைஞ்சுதான் கெடக்கும் தாயி. நான் ஒரு நாளு கழுவாம விட்டதில்ல." பித்தளை உளியும் மரச்சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவர் தொட்டியில் ஏறினார். "எங்கூட லோடு அடிச்ச பெத்தணன் வண்டி எரிஞ்சப்போ எல்லாரும் கேட்டாங்க, ஒன் வண்டி மட்டும் எப்படிலே தப்பிச்சுச்சுன்னு. லோடு எறக்குனதும் நாலு கொடம் தண்ணி. மழை நாளுல கூட. சிரிப்பானுங்க. சிரிக்கட்டும்."

பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. அடியில், குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் சேறு காய்ந்து பொருக்காகக் கிடந்தது. பட்டாசுக்குள் வைக்கிற மருந்துப் பொடிதான் அது. இத்தனை வருஷம் சிந்தி, கழுவி, ஒதுங்கியது.

"ஆத்தாடி," என்று ராஜபாண்டியன் மிஷினை நாலடி பின்னால் தள்ளினார். "இதுக்கு மேலயா என்னை வெல்டிங் வைக்கச் சொல்லியிருப்பீக?"

"அதான் கழட்டச் சொன்னேன்," என்றாள் ஜெமிமா. உள்ளே சின்னதாய் ஒரு சந்தோஷம். ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம்.

அந்தச் சந்தோஷம் தண்ணீர் ஊற்றும்வரைதான் இருந்தது.

தேவாசீர்வாதம் பழக்கப்பட்ட கையால் குடத்தைச் சாய்த்தார். சேறு கரைந்து, பின்பக்கத்து ஓட்டை வழியாக ஓட வேண்டும். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது பலகை இல்லாமல் பார்த்தால், ஓட்டைக்குப் போனது கொஞ்சம்தான். மிச்சம் குறுக்குக் கட்டைகளுக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

ஜெமிமா கீழே குனிந்து பார்த்தாள்.

சேசிஸ் சட்டத்தின் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓரிடத்தில் என்றால் பரவாயில்லை. கேபினுக்குப் பின்னாலிருந்து பின்சக்கரம் வரை, கூரை ஒழுகுகிற மாதிரி வரிசையாகச் சொட்டியது. பழுப்பு நிறத் தண்ணீர்.

அந்த வரிசை நெடுக, சட்டத்தில் பூசியிருந்த தாருக்கு மேல், அவள் போன ஞாயிற்றுக்கிழமை போட்ட டிக்குகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

"சுத்தியல் குடுங்கண்ணே," என்று பக்கத்தில் நின்ற ஆல்பினிடம் கை நீட்டினாள்.

முன்பக்கம் தட்டினாள். கணீர் என்றது. இன்னும் கொஞ்சம் பின்னால். கணீர். கேபினைத் தாண்டியதும் சத்தம் செத்துப்போனது. ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி தொப், தொப் என்றது. போன வாரமும் தட்டினாள்தான். மெதுவாக, அடிப்பக்கம் மட்டும். அடிப்பக்கம் கெட்டியாக இருந்தது. மேல் விளிம்பு கட்டைக்கும் பலகைக்கும் அடியில் இருந்ததால் அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத இடத்துக்கும் சேர்த்து டிக் போட்டிருக்கிறாள்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேல் விளிம்பில் வைத்து அழுத்தினாள். பிஸ்கட்டில் இறங்குவது போல் இறங்கியது.

ராஜபாண்டியன் ஒரு குறுக்குக் கட்டையைப் பெயர்த்தார். கட்டை பஞ்சு மாதிரி ஊறியிருந்தது. அதற்கு அடியில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் செதில் செதிலாகத் துரு. உப்பும் கந்தகமும் கலந்த தண்ணீரை அந்தக் கட்டைகள் குடித்து வைத்துக்கொண்டு, இரவு பகலாக இரும்புக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. வெளியே சீசனுக்கு ஒரு தடவை பூசிய தார், உள்ளே நடந்ததை மூடி வைத்திருந்தது.

தேவாசீர்வாதம் குடத்தைக் கீழே வைத்தார்.

"நான் கழுவுனதா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"அப்பா, அப்படி இல்லப்பா..."

"நான் கழுவுன தண்ணிதானே?"

"கழுவலைன்னா நீங்களே இல்லையேப்பா."

அவர் தலையாட்டினார். அது ஆறுதலாகப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பிறகு வாய் திறந்தவன் ஆல்பின். ரொம்ப நிதானமாகப் பேசினான். அதுதான் ஜெமிமாவுக்குப் பயமாக இருந்தது.

"ராஜபாண்டி, இரும்புப் பட்டை போட்டு ஒட்டிருவமா?"

ராஜபாண்டியன் தலையைச் சொறிந்தார். "ஒட்டலாம் மாப்ள. பாக்குறதுக்கு நல்லாவே இருக்கும். மேல தார் அடிச்சிட்டா ரேசுல வண்டியைச் சோதிக்கிறவனுக்குத் தெரியாது. எம்புட்டு நாளு நிக்கும்னு என்னைக் கேக்காத."

"ஒரு நாளு நின்னாப் போதும். நாளு கூட வேண்டாம். அரை நிமிஷம்."

"எதுலண்ணே ஒட்டுவீக?" என்றாள் ஜெமிமா. "புது இரும்பை ஒட்டுறதுக்கு அங்கன பழைய இரும்பு இருக்கணும்ல? சீட் பெல்ட் அங்கனதான் மாட்டியிருக்கு. கூண்டோட பின்காலு அங்கனதான் நிக்கணும். கிளம்பும்போது மொத்த இழுப்பும் அந்த எடத்துலதான் முறுக்கும். அது மடங்குச்சுன்னா..."

"மடங்குச்சுன்னா?"

அவள் டிரைவர் சீட்டின் பக்கம் பார்த்தாள்.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா? பரீட்சையில எழுதுற மாதிரி சொல்லு. நிச்சயமா மடங்குமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுண்ணே."

"அப்போ?"

"மடங்காதுன்னும் சொல்ல முடியாது."

ஆல்பின் குனிந்து, பாதி கரைந்த ஒரு டிக்கின் மேல் விரலை வைத்தான். "இது யாரு போட்டது?"

"நான்தான்."

"போன ஞாயித்துக்கிழமை இதே எடத்தைத் தட்டிட்டு, 'நல்லாருக்குண்ணே'ன்னு சொன்னது யாரு?"

"நான்தாண்ணே."

"அன்னைக்கும் படிச்சவதான். இன்னைக்கும் படிச்சவதான். எந்த ஜெமிமா சொல்றதை நான் நம்பட்டும்?"

அதே கேள்வியை அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஸ்க்ரூடிரைவர் இறங்கிய விதம் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. அதை அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

"இன்னைக்குச் சொல்றதை நம்புங்கண்ணே. அன்னைக்கு நான் மேல பாக்கல. தப்பு எம்மேலதான். அதுக்காக நீங்க அதுல ஏறணுமா?"

"வேற சேசிஸ் மாத்தினா?" என்றார் அப்பா மெல்ல.

"மாசக்கணக்கு ஆகும் அண்ணாச்சி," என்றார் ராஜபாண்டியன்.

"வேற வண்டி?"

"பேர் குடுத்த வண்டிதான் வரணுமாம். கேட்டாச்சு." ஆல்பின் ஒரு பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். சவரம் செய்த முகம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. "சரி. விடு."

"அண்ணே..."

"விடுன்னுட்டேன்ல."

அவன் வீட்டுக்குள் போனான். கட்டில் கிறீச்சிடும் சத்தம் கொட்டகை வரை கேட்டது. அந்தச் சத்தம் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ராஜபாண்டியன் செருப்பை மாட்டிக்கொண்டார். "அச்சங்குளத்துல ஒரு கேட் வேலை இருக்கு அண்ணாச்சி. மிஷினு இங்கனயே கெடக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்." போகிறவர் ஜெமிமா பக்கம் திரும்பினார். "நீ செஞ்சது சரிதான் தங்கச்சி. என் வீட்டுப் பையனா இருந்தா நானும் விடமாட்டேன்." அடுத்தவர் வீட்டுப் பையன் என்றால் ஒட்டிக் கொடுத்திருப்பார் என்பதும் அதில் இருந்தது. அவரை ஒரு குற்றம் சொல்ல முடியாது. வெல்டிங் அவர் தொழில்.

ஜெமிமா ஈரத் துணியால் டிக்குகளைத் துடைத்தாள். சேசிஸில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு மற்ற இடங்களையும் பார்த்தாள். பிரேக்கில் போட்டது சரியா? ஸ்பிரிங்கில் போட்டது? ஒன்றின் மேலும் அவளுக்கு இப்போது நம்பிக்கையில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டால்தான் மனசு நிற்கும்போல இருந்தது. அப்பா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சோறு கொண்டுபோய் வைத்தாள். ஆல்பின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"ஜாஸ்பின் மதினிகிட்ட நான் பேசட்டாண்ணே? நடந்ததைச் சொன்னா அவுகளுக்குப் புரியும்."

"என்னன்னு சொல்லுவ? அவன் வண்டி கூட உளுத்துப் போச்சுன்னா?"

"பட்டறைக்காரர்கிட்டயாவது சொல்லலாம். வண்டி கெட்டுப்போச்சு, நீங்க ஓட்டத் தெரிஞ்சவுகன்னு."

"ஓட்டத் தெரிஞ்சவன் தமிழ்நாட்டுல எம்புட்டுப் பேரு இருக்கான் தெரியுமா?" அவன் திரும்பவே இல்லை. "கிளாசுக்கு நேரமாச்சுல்ல. போ புள்ள."

போகாமல் இருந்திருக்கலாம். அந்த வீட்டில் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் அவள் பஸ் ஏறினாள்.

வகுப்பில் ஆசிரியர் போர்டில் ஒரு உத்தரம் வரைந்தார். இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து, நடுவில் ஒரு அம்பு போட்டு, "இங்கே பாரம் வருது. மேல் விளிம்பு என்ன ஆகும்?" என்று கேட்டார். அவளுடைய அரியர் பாடம் அது. நசுங்கும், தாங்காவிட்டால் மடங்கும்: முதல் தடவையாக அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. கையைத் தூக்கவில்லை.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தாள்.

"ஜெமி, இன்னும் ஒரு மணி நேரத்துல டியூட்டி முடியும். அண்ணன் சாப்பிட்டானா?"

"வச்சிட்டு வந்தேம்மா."

"அந்த போட்டோவை வார்டுல எல்லாருக்கும் காட்டுனேன். மாப்பிள்ளை மாதிரி இருக்கான்னு சொல்லுதாக. நாளைக்குக் காலையில ஆராதனைக்கு நான் போகல, ஆண்டவர் ஒரு நாளைக்கு மன்னிப்பாரு. நானும் ரேஸ் பாக்க வாரேன். என்னடி, சத்தத்தையே காணோம்?"

"சிக்னல் சரியில்லம்மா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கு மேல் வகுப்பில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. திருத்தங்கல் ரயில்வே கேட்டில் பஸ் நெடுநேரம் நின்றது. அம்மாவிடம் என்ன சொல்வது, அண்ணனிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். பட்டறைக்காரரின் நம்பர் அண்ணன் போனில் இருக்கும். எடுத்துப் பேசிப் பார்க்கலாம். அவர் கேட்க மாட்டார். ஜாஸ்பினுக்குச் சொல்லலாம். அவள் வீட்டில் கேட்கமாட்டார்கள். எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்தக் கட்டில் வந்தது.

பொழுது சாயும் நேரம் தெருமுனையில் இறங்கினாள்.

கொட்டகைப் பக்கத்து வேப்பமரத்தின் இலைகளில் நீல வெளிச்சம் அடித்து அடித்து அணைந்தது.

ஜெமிமா ஓடினாள். பாதி தூரத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது. இரும்பு எரிந்த வாடையும் புதுத் தார் வாடையும் சேர்ந்து வந்தன. வாசலில் ராஜபாண்டியனின் செருப்பு இருந்தது. பக்கத்தில் அண்ணனின் செருப்பு.

கொட்டகை வாசலில் அப்பா நின்றார். வெறுங்காலோடு, பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு. தீப்பொறி பறந்தால் ஊற்ற. அவருக்குப் பின்னால், வண்டிக்கு அந்தப்பக்கம் ஆல்பினின் குரல் கேட்டது. "இன்னொரு பட்டை அங்கன போடு ராஜபாண்டி." உயிருள்ள குரல். காலையில் கண்ணாடி முன்னால் கேட்ட அதே குரல்.

"அப்பா, என்னப்பா இது?"

"நான்தான் எழுப்புனேன்," என்றார் தேவாசீர்வாதம். "நீ போனப்புறம் அவன் பக்கத்துல போய் உக்காந்தேன் தாயி. மூச்சு விடுறது கூடக் கேக்கல. மூக்குகிட்ட கையை வச்சுப் பாத்தேன். எழுந்திரிலே, ஒட்டிக்கிடலாம்னுட்டேன்."

"அது நிக்காதுப்பா. நீங்களே பாத்தீகளே."

"பாத்தேன்."

"பொறவும்?"

"என் கையால கெட்டது. நான் கழுவாம இருந்திருந்தா அவன் இன்னைக்கு நல்ல வண்டியில ஏறியிருப்பான். நான் எப்படி அவன்கிட்ட போகாதலேன்னு சொல்ல?"

அவள் அவரைத் தாண்டிக் குனிந்து பார்த்தாள். துரு இருந்த இடமெல்லாம் புதுப் பட்டைகள். அவற்றின் மேல் ஈரம் காயாத தார். கறுகறுவென்று, குற்றம் சொல்ல முடியாதபடி. தார் காய்ந்த ஓரிடத்தில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டிருந்தது. அவளுடைய டிக் சின்னதாக, வால் நீண்டிருக்கும். இது பெரிசு. இரண்டு தடவை அழுத்திப் போட்டது. எழுதிப் பழக்கமில்லாத கை.

"நீங்க போட்டீகளாப்பா?"

"சோதிக்கிறவன் கேப்பான்ல. எல்லா எடத்துலயும் நீ போட்டிருந்த. இங்கன மட்டும் இல்லாட்டி அசிங்கமா இருக்கும்." எல்லா இடத்திலும் அவள் மத்தியானமே துடைத்துவிட்டதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஜெமிமா நிமிர்ந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பிரேக்கில், ஸ்பிரிங்கில், வளையத்தில், ஒவ்வொரு சக்கரத்திலும் பெரிசு பெரிசாக அப்பாவின் டிக்குகள்.

"தாயி," என்றார். "அந்தச் சிவப்புச் சாவி உன் பையிலதானே இருக்கு?"

அவள் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"எஞ்சினைப் போட்டுப் பாக்கணுமாம். குடு."

சாவி இல்லாவிட்டாலும் இரண்டு வயரை முறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். அது அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் வண்டி ஓட்டிய அவருக்கும் தெரியும். உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் வயரில் கை வைக்காமல் அவள் வந்து தன் கையால் தரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

அம்மா வருகிற பஸ்ஸின் ஹாரன் தெருமுனையில் கேட்டது. உள்ளே ஆல்பின் எதற்கோ சிரித்தான்.

தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்த கையை தேவாசீர்வாதம் மகள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். ஜெமிமாவின் விரல்கள் பையின் ஜிப்பைப் பிடித்திருந்தன. திறக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவருக்குப் பின்னால் கொட்டகைக்குள் நீல வெளிச்சம் மறுபடியும் பற்றிக்கொண்டது.